மச்சம் இருந்த பக்கம்

தெமியாங்கில் அமிர்தலிங்கம் அண்ணனின் ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்த வருஷம், கல்யாண ஜோடிகளையெல்லாம் நிலாவுக்குள் உட்கார வைத்துக்கொண்டிருந்தோம். சிலருக்குத் தாமரைப்பூ பிடித்திருந்தது. சிலர் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் நிற்க ஆசைப்பட்டார்கள். எதுவானாலும் செய்துகொடுப்பது என் வேலை. கடையின் பின்பாதியில் பலகைத் தடுப்பு போட்டு, கம்ப்யூட்டருக்காக ஏர்கோன் வைத்திருந்தார்கள். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அந்தக் குளிருக்குள் இருப்பேன். முன்னால் யார் வந்தாலும் பேசுவது அண்ணன்தான்.

நான் இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவள். எழுந்து நின்று வாசி என்றால் எனக்கு ஒரு எழுத்தும் வாயில் வராது. ஸ்டூடியோவில் யாரும் என்னை எழுந்து நிற்கச் சொல்லவில்லை.

நிலாவும் தாமரையும் சீக்கிரமே சலித்துவிட்டன. பழைய படங்கள்தான் பிடித்தன. ரப்பர் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வரும் படங்கள் பெரும்பாலும் புகையேறி, ஓரம் பூச்சி அரித்து, நடுவில் மடிந்திருக்கும். ஸ்கேனரில் வைத்து எடுத்ததும் அதைத் தொடாமல் ஒரு தனிப் பெயரில் வைத்துவிட வேண்டும். இன்னொரு பிரதியில்தான் கை வைக்க வேண்டும். கம்ப்யூட்டர் நினைத்த நேரத்தில் உறைந்து நின்றுவிடும் என்பதால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேமிக்க வேண்டும். மடிப்பு விழுந்த கன்னத்துக்கு அதே கன்னத்தின் பக்கத்துத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஒட்ட வேண்டும். அதிகம் வழித்தால் மெழுகுப் பொம்மை மாதிரி ஆகிவிடும். கண்ணை மட்டும் கடைசி வரை தொடக்கூடாது. இவையெல்லாம் படம் கெட்டுக் கெட்டு நானாகக் கற்றுக்கொண்டவை.

ஒன்று மட்டும் அண்ணன் சொல்லித் தந்தது. அவர் கம்ப்யூட்டருக்கு முன்பு இருட்டறையில் இருபது வருஷம் வேலை பார்த்தவர்.

"பழைய படம் வந்தா மொதல்ல அது நேரா இருக்கா, திருப்பி அடிச்சதான்னு பாரு, மயிலு. அந்தக் காலத்துல நெகட்டிவ்வ மாத்தி வச்சுப் பிரிண்ட் போட்டுடுவானுங்க. எழுத்து இருந்தா எழுத்தப் பாரு. ஆம்பளன்னா சட்டைப் பாக்கெட்டு எடப்பக்கம். பொம்பளன்னா முந்தான எடத்தோளு. மாறி இருந்தா நீயே திருப்பிடு. கேட்டுக்கிட்டு நிக்காத."

அன்றிலிருந்து எல்லாப் படத்திலும் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு. ஒரு திங்கட்கிழமை கணேசமூர்த்தி என்பவர் வந்தார். லாரி ஓட்டுகிறவர். லுக்குட்டைத் தாண்டி எட்டாங்கட்டைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் என்று அண்ணனிடம் சொன்னது தடுப்புக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை காலையில ஒரு கால வெட்டி எடுக்கப் போறாங்க. முட்டிக்குக் கீழ. இனிப்பு நீரு, சக்கர வியாதி. கண்ணும் மங்கிப்போச்சு. உள்ள போறதுக்கு முந்தி அம்மாவ ஒரு தடவ பெருசாப் பாக்கணுங்கிறாரு. இது ஒண்ணுதான் இருக்கு."

"கண்ணாடியோட ஒட்டிக்கிச்சே. பிரிச்சாக் கிழிஞ்சிடும்."

"பிரிச்சுடாதீங்கண்ணே. அப்புறம் அப்பா இன்னொரு காலால என்னய மிதிப்பாரு."

அண்ணன் சிரித்தார். படத்தையும் வேறொரு கூட்டப் படத்தையும் தடுப்பின் இடுக்கு வழியாக என்னிடம் நீட்டினார். கூட்டப் படத்தில் அப்பாவின் வாலிப முகம் இருக்கிறதாம். அதைத் தனியே எடுத்து, அம்மா படத்தின் இன்னொரு பிரதியோடு ஜொகூரில் இருக்கும் அக்காவுக்கு அனுப்ப வேண்டுமாம். அது மெதுவாகப் போதும். அம்மா படம் புதன்கிழமை வேண்டும், அன்று மாலையே அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்களாம்.

உள்ளங்கை அகலப் படம். இடுப்புக்கு மேல் ஒரு பெண், இருபத்திரண்டு வயது இருக்கலாம். இரண்டு பக்கமும் மூக்குத்தி. முகத்தின் குறுக்கே ஒரு மடிப்பு. கன்னத்தில் மிளகு அளவுக்கு ஒரு புள்ளி. நான் ஒரு துண்டுத் தாளில் 'கன்னத்தில் இருப்பது மச்சமா, கறையா?' என்று எழுதி அண்ணனிடம் நீட்டினேன். அவர் வாசித்துக் காட்டினார்.

"மச்சம் உண்டுன்னு அப்பா சொல்லுவாரு" என்றார் கணேசமூர்த்தி. "அம்மா காய்ச்சல்ல போனப்ப எனக்கு ரெண்டு வயசு. அக்காவுக்கு நாலு. எங்களுக்கு என்ன தெரியும்?"

பெயர் எழுதும் இடத்தில் அண்ணன் அம்மாவின் பெயரைக் கேட்டுப் பஞ்சாலை என்று எழுதினார்.

கண்ணாடிக்கு மேலேயே ஸ்கேன் எடுத்தேன். படம் திரையில் விரிந்ததும் முந்தானையைப் பார்த்தேன். வலத் தோளில் கிடந்தது. அப்படியானால் திருப்பி அடித்த படம். வேறு எழுத்தோ அடையாளமோ அதில் இல்லை. ஒரு கட்டளை கொடுத்தேன். பஞ்சாலை கண்மூடித் திறப்பதற்குள் மறுபக்கம் திரும்பிவிட்டார். முந்தானை இடத் தோளுக்கு வந்தது. நாற்பது வருஷமாக யாரும் கவனிக்காத தவறைச் சரிசெய்துவிட்டதாக எனக்குள் ஒரு பெருமை. அதை அண்ணனிடமும் சொன்னேன். தலையை ஆட்டினார்.

மீதி வேலைக்கு இரண்டு நாள் ஆயிற்று. மடிப்பை மூடினேன். நெற்றியிலிருந்த பூஞ்சைப் புள்ளிகளை ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு புருவத்தின் நடுவே மயிரிழை போல வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. அதையும் பக்கத்து மயிரை எடுத்து மூடினேன். மச்சத்தைத் தொடவில்லை. கடைசியில் பின்னணியைக் கொஞ்சம் மங்கலாக்கி, முகத்தைச் சுற்றி இலேசான வெளிச்சம் வைத்தேன். எட்டடி தள்ளி நின்று பார்த்தேன். நன்றாக இருந்தது.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கணேசமூர்த்தி அப்பாவை டாக்சியில் அழைத்து வந்தார். பெயர் இராஜமாணிக்கம். எழுபத்தைந்து வயது. ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்காரராக இருந்தவர். ஒரு காலில் கட்டுப் போட்டிருந்தது. அண்ணன் நாற்காலியில் உட்கார வைத்து, படத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். நான் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தைக் கொடுக்கும்போது ஆட்களின் முகத்தைப் பார்ப்பது எனக்குப் பழக்கம். அது ஒன்றுதான் அந்த வேலையில் எனக்குக் கிடைத்த வெளியுலகம்.

அவர் படத்தைக் கண்ணுக்கு நாலு அங்குலத்தில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு?" என்றார்.

"அம்மாப்பா."

"இல்ல."

"நல்லாப் பாருங்கப்பா. அம்மாதான்."

"அவ மாதிரி இருக்கு. அவ இல்ல." விரலால் படத்தைத் தடவினார். அந்த விரல் முகத்தின் ஒரு பக்கம் போய்த் தேடிவிட்டு மறுபக்கம் வந்தது. "மச்சம் இந்தப் பக்கம் வராதே. அவளுக்கு எடக் கன்னத்துலல்ல?"

அண்ணன் குனிந்து, பெரியவர்களிடம் பேசும் பணிவோடு சொன்னார். "ஐயா, உங்ககிட்ட இருந்த பழைய படந்தான் தப்பு. அந்தக் காலத்துல திருப்பி அடிச்சுட்டாங்க. எங்க புள்ள அதக் கண்டுபிடிச்சு நேராக்கியிருக்கா. இதுதான் உங்க வீட்டம்மாவோட நெச முகம்."

இராஜமாணிக்கம் படத்தை மடியில் வைத்தார்.

"அப்ப மச்சம் வலக் கன்னத்துலயா இருந்துச்சு?"

"ஆமாங்கய்யா."

"கம்ப்யூட்டர்ல பாத்துச் சொல்றாங்கப்பா" என்றார் கணேசமூர்த்தி. "உங்களுக்கு வயசாச்சு. நேத்து என்னயவே யாரு லா நீன்னு கேட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை. இராஜமாணிக்கம் சுவரைப் பார்த்தபடி பேசினார். யாருக்கும் சொல்வது போல இல்லை.

"அவ போனதுலேருந்து அந்தப் படத்த நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்ப என் மனசுல இருந்தது படந்தான் போல. அவ மூஞ்சி எப்பவோ மறந்துபோச்சு. படத்த வச்சுக்கிட்டு அவன்னு நெனச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

"விடுங்கப்பா."

"ஆளு போச்சு. சரி. நெனப்பும் போயிடுச்சுன்னா வேற என்னடா இருக்கு எனக்கு?"

கணேசமூர்த்தி புதுப் படத்தை உறையில் போட்டார். பழைய படம் அக்காவின் பிரதிக்காகக் கடையிலேயே இருந்தது. அப்பாவைத் தாங்கிப் பிடித்து டாக்சிக்கு அழைத்துப் போனார். கதவருகே கிழவர் நின்று, படத்தை உறையிலிருந்து எடுக்கச் சொல்லி இன்னொரு தரம் பார்த்தார். பிறகு டாக்சியில் ஏறிக்கொண்டார்.

மறுநாள் வியாழக்கிழமை காலையில் கூட்டப் படத்தைக் கையில் எடுத்தேன். தோட்டத்து ஆபீஸ் வாசலில் எடுத்தது. முன்வரிசையில் கணக்கெழுதும் கிராணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் ஆண்கள் இரண்டு வரிசை. ஓரமாகப் பெண்கள் ஒன்பது பேர். கீழே ஒரு சிலேட்டில் சாக்கட்டியால் 1955 என்று எழுதி வைத்திருந்தார்கள். பஞ்சாலை அதில் இல்லை. இராஜமாணிக்கத்தின் முகத்தைத் தேடிப் பெரிதாக்குவதற்கு முன், வழக்கம் போல நேராக இருக்கிறதா என்று பார்த்தேன். சிலேட்டு எழுத்து நேராக இருந்தது. ஆபீஸ் கதவுக்கு மேல் இருந்த ஆங்கில எழுத்துப் பலகையும் நேராக இருந்தது.

பிறகு பெண்களைப் பார்த்தேன். ஐந்து பேருக்கு முந்தானை இடத் தோளில். நாலு பேருக்கு வலத் தோளில்.

நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பெரிதாக்கினேன். சந்தேகமே இல்லை. பின்கொசுவம் வைத்து, முந்தானையை வலத் தோளில்தான் போட்டிருந்தார்கள். அவர்கள் ஊர்ப்பக்கத்துக் கட்டு அது. எங்கள் லயத்தில் யாரும் அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. அதனால் அப்படி ஒரு கட்டு இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

அண்ணனைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவர் நின்றபடியே எண்ணினார். பிறகு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார்.

"கெழவன் சொன்னது சரி" என்றார்.

"ஆமாண்ணே."

"அவங்க வாங்கிட்டுப் போயிட்டாங்க, மயிலு. நாளைக்கு ஆப்பரேசன். இப்பப் போயி, உங்க வீட்டம்மாவ நாங்க திருப்பிட்டோம்னு சொல்றதா? கம்ப்யூட்டரு பேரு கெட்டுப்போகும். அந்தாளுக்கும் நிம்மதி போகும்."

"நிம்மதி நேத்தே போயிடுச்சுண்ணே. அவரு மறந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்காரு. அப்படியே உள்ள போவாரு."

அவ்வளவு நீளமாக அவரிடம் நான் பேசியதில்லை. அவர் என்னைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருட்டறையில இந்தக் கணக்க வச்சு எத்தன பேரத் திருப்பினேனோ" என்றார். அதற்கப்புறம், "எனக்கு மந்தின்ல நிச்சயதார்த்தம் இருக்கு. பன்னெண்டு மணிக்கு அங்க நிக்கணும். நீ போவியா? போனாப் பேசணும். துண்டுச் சீட்டு நீட்ட முடியாது."

"பேசுறேன்."

படத்தைத் திரும்ப மாற்ற ஒரு நொடிதான். அச்சடிக்க இருபது நிமிஷம். பிரிண்டர் ஒவ்வொரு கோடாக இழுத்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றேன். புதுப் படத்தையும், கண்ணாடியோடு ஒட்டிய பழைய படத்தையும் உறையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். 'ஐயா, படத்தைத் திருப்பினது நான். பழைய படந்தான் சரி.' இதை மட்டும் வழி முழுக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

பார்வை நேரம் இரண்டு மணி வரை. ஆண்கள் வார்டில் கடைசிக்கு முந்தின கட்டிலில் இராஜமாணிக்கம் சாய்ந்திருந்தார். கணேசமூர்த்தி ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். சின்ன அலமாரியின் மேல் எங்கள் கடை உறை பிரிக்காமல் கிடந்தது.

"யாரு வேணும், தங்கச்சி?" என்றார் கணேசமூர்த்தி.

என் வாக்கியம் வரவில்லை. கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டில்காரர் கூட என்னைப் பார்த்தார். கடைசியில் வேறு ஏதோ வந்தது.

"முந்தான வலத் தோள்ல இருந்துச்சு. நான் தப்புன்னு நெனச்சேன்."

கணேசமூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிழவர் தலையைத் திருப்பினார்.

"யாரும்மா நீ?"

"படக்கடையில வேல செய்றேங்க. உங்க வீட்டம்மா படத்தத் திருப்பினது நான்தான். பொம்பளைங்க எல்லாரும் எடத் தோள்லதான் போடுவாங்கன்னு நெனச்சுத் திருப்பிட்டேன். இன்னிக்குத்தான் கூட்டப் படத்தப் பாத்தேன். அதுல நாலு பேரு வலத் தோள்ல போட்டிருக்காங்க."

"எங்க ஆளுங்க அப்படித்தான் கட்டுவாங்க" என்றார் அவர். "அதுக்காக மத்த லயத்துப் பொம்பளைங்க இவளக் கிண்டல் பண்ணுவாங்க. கண்ணாடியப் பாத்துக் கட்டினியாடின்னு கேப்பாங்க. மாத்திக்கடின்னேன். மாட்டேனுட்டா."

"அப்ப பழைய படந்தாங்க சரி. மச்சம் எடக் கன்னத்துலதான். நீங்க சொன்னதுதான் சரி."

கணேசமூர்த்தி ஆரஞ்சைக் கீழே வைத்தார். நான் உறையிலிருந்து புதுப் படத்தை எடுத்தேன். கிழவர் கையை நீட்டித் தடுத்தார்.

"காட்டாத, இரு" என்றார். கண்களை மூடிக்கொண்டார். "நான் சொல்றேன். நீ படத்தப் பாத்து உண்டா இல்லையான்னு சொல்லு."

"சொல்லுங்க."

"மச்சம் எடக் கன்னம். கண்ணுக்கு நேர் கீழ இல்ல. காதுக்கிட்ட தள்ளி."

"உண்டு."

"சிரிக்கல. ஆனா வாயி ஒரு பக்கம் கொஞ்சம் ஏறியிருக்கும். வலப்பக்கம்."

பார்த்தேன். இரண்டு நாள் அந்த முகத்தில் வேலை செய்தும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. "உண்டுங்க."

"வலப் புருவம் நடுவுல ரெண்டாப் பிரிஞ்சிருக்கும். கோடு மாதிரி. சின்னப் புள்ளையில மண்வெட்டி பட்டது."

படத்தை நெருக்கமாகப் பிடித்துப் பார்த்தேன். கணேசமூர்த்தி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். மகன் குரலில் பரிதாபம் வந்தது.

"அது இல்லப்பா. புருவம் நல்லாத்தான் இருக்கு. பரவால்ல விடுங்க, மத்ததெல்லாம் சரியாச் சொல்லிட்டீங்க."

கிழவர் கண்ணைத் திறக்கவில்லை. நெற்றி சுருங்கியது. நேற்று நாற்காலியில் பார்த்த முகம் மறுபடியும் வரத் தொடங்கியது.

"இருந்துச்சு" என்றேன். வார்டு முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டேன் போல. தாதி திரும்பிப் பார்த்தார். "இருந்துச்சுங்க. நான்தான் அழிச்சேன். படத்துல விழுந்த கீறல்னு நெனச்சு மூடிட்டேன். இந்தாங்க, பழைய படம். இதுல இருக்கு."

கணேசமூர்த்தி பழைய படத்தை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியை விரலால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். ரொம்ப நேரம் அங்கேயே நின்றார். இத்தனை வருஷம் அது வீட்டுச் சுவரில் தொங்கியிருக்கிறது. அவர் அதை முதல் தடவை பார்ப்பது போலிருந்தது.

"ஆமாப்பா" என்றார். "பிரிஞ்சுதான் இருக்கு."

இராஜமாணிக்கம் கண்ணைத் திறந்தார். அழவில்லை. ஆழமாக மூச்சு விட்டார்.

"புருவத்துக் கோட்ட மறுபடியும் போட்டுக் கொண்டாறேங்க" என்றேன். "முதல்ல எடுத்தத அழிக்காம வச்சிருக்கேன். நாளைக்குக் காலையிலயே கொண்டாறேன்."

"ஆவட்டும். அவசரமில்ல" என்றார். "நேத்துக் குடுத்தீங்களே, அந்தப் படத்த என்ன செய்யிறது?"

"கிழிச்சுப் போட்டுறலாம்பா" என்றார் கணேசமூர்த்தி.

"கிழிக்காத. யாரோ ஒரு பொம்பள. இந்தப் புள்ளைகிட்டக் குடுத்துடு."

கணேசமூர்த்தி பிரிக்காத உறையை எடுத்து என்னிடம் தந்தார். பிறகு பழைய படத்தைக் கையில் வைத்தபடியே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். லாரி ஓட்டும் பெரிய கை. அதில் கண்ணாடிச் சட்டம் சின்னதாகத் தெரிந்தது.

"அப்பா" என்றார். "அம்மா பேசினா எப்படி இருக்கும்?"

"எதுக்கு இப்ப?"

"சும்மாதான். நான் கேட்டதே இல்ல."

கிழவர் யோசித்தார். "வேகமாப் பேசுவா. பாதியில நிறுத்திட்டு, சொல்ல வந்தத மறந்துட்டேம்பா" என்று ஆரம்பித்தார். "காலையில வேலைக்கு முந்தி பெரட்டுக்கு வரிசையா நிக்கிறப்ப, வேல வாங்குற மண்டோர் பேரு கூப்புடுவான். பஞ்சாலன்னதும் இவ பதில் சொல்ற சத்தம் கேட்டு ஆபீசு நாயி கொலைக்கும்."

கணேசமூர்த்தி சிரித்தார். கிழவரும் சிரித்தார்.

பார்வை நேரம் முடிந்ததற்கு மணி அடித்தார்கள். மற்ற கட்டில்களிலிருந்து ஆட்கள் எழுந்து போனார்கள். நான் வரேங்க என்று சொன்னதை இருவரும் கவனிக்கவில்லை. மகன் இன்னும் நெருங்கி உட்கார்ந்து, அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இராஜமாணிக்கம் பேசிக்கொண்டே இருந்தார். தாதி இரண்டு முறை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்.